தூரிகையும் நிரலும்: ஓவிய மாணாக்கர்க்கு வலைப்பக்கக் கலை கற்பித்தல்

முன்னுரை

கலை வேறு, கணக்கு வேறு என்று பிரித்துக் காணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கணக்கில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை, ‘படம் நன்றாக வரைகிறானே’ என்று கூறி ஓவியக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் பலர். அப்பிள்ளையும் தனக்குக் கணக்கு வாராது என்ற முடிவோடுதான் கல்லூரி வாயிலை மிதிக்கிறான். அங்கே ஒரு பருவத்தில் ‘வலைப்பக்க வடிவமைப்பு’ என்னும் பாடம் அவனை எதிர்கொள்கிறது. கணிப்பொறித் துறையிலிருந்து வரும் ஆசிரியர் தம் துறையின் முறைப்படி மாறி, மடக்கு, சார்பு எனத் தொடங்குகிறார். சில வாரங்களில் மாணவனின் உடல் வகுப்பில் இருக்கிறது, உள்ளமோ வெளியேறிவிடுகிறது.

இதன் விளைவு அம்மாணவனோடு நின்றுவிடுவதில்லை. வடிவம் அறிந்தவன் படத்தை மட்டும் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்குகிறான். நிரல் அறிந்தவன் வடிவத்தின் நுட்பம் அறியாமல் அதனைக் கட்டி எழுப்புகிறான். இருவர்க்கும் இடையே பக்கம் பாழாகிறது. எழுத்துகள் நெருங்கிக் கிடக்கும் செய்தித்தளங்களும், கைப்பேசியில் திறந்தால் பாதி வெட்டுப்படும் கல்லூரி அறிவிப்புகளும், படமாக மட்டுமே ஏற்றப்பட்டமையால் பார்வையற்றோர் கேட்டறிய இயலாத சுற்றறிக்கைகளும் இவ்விடைவெளியில் பிறந்தவையே.

ஓவியம் பயில்வோர் கையில் அளவும் விதியும் ஒழுங்கும் முன்னரே குடிகொண்டுள்ளன. நிரல் பாடம் அவற்றிலிருந்தே தொடங்கப்பெறல் வேண்டும் என்னும் கருத்தை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

தாளும் திரையும்

ஓவியர்க்குத் தாளின் நீளமும் அகலமும் முன்கூட்டியே தெரியும். அதற்குள் எதை எங்கு வைப்பது என்பது அவர் முடிவு. ஒருமுறை வைத்தால் அது வைத்த இடத்திலேயே நிற்கும். திரைக்கு இவ்வியல்பு இல்லை. ஒரே பக்கம் உள்ளங்கையளவு கைப்பேசியிலும் மேசைக் கணிப்பொறியிலும் வகுப்பறைச் சுவரின் பெருந்திரையிலும் தோன்ற வேண்டும். காண்பவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவும் கூடும். ஆகவே வலைப்பக்கம் என்பது முடிந்த படம் அன்று. படம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்று உலாவிக்குத் தரப்பெறும் விதிகளின் தொகுப்பு ஆகும்.

இவ்வுண்மை வரலாற்றிலேயே பொதிந்துள்ளது. செனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-ஆம் ஆண்டு தம் திட்டத்தை முன்வைத்தபோது, அறிவியலாளர்தம் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைப்பதே நோக்கமாக இருந்தது. அவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, ‘இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு’ என்று பொருளை மட்டும் சுட்டியது. தோற்றத்திற்கென ஒரு மொழி தேவை என்று ஹோக்கன் வியும் லீ 1994-இல் முன்மொழிந்தார். அவரும் பெர்ட் போஸும் இணைந்து உருவாக்கிய சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் மொழி 1996-ஆம் ஆண்டு திசம்பரில் தரமுறையாக ஏற்கப்பெற்றது. ஆயினும் உலாவிகள் அதனைச் செவ்வனே பின்பற்றப் பல்லாண்டுகள் ஆயின. அதுவரை வடிவமைப்பாளர்கள் கணக்கு அட்டவணைகளைக் கட்டங்களாகப் பயன்படுத்தியும், ஒரு படத்தைத் துண்டுகளாக வெட்டி ஒட்டியும் திரையைத் தாளாக்க முயன்றனர். 2010-இல் ஈத்தன் மார்க்காட் என்பார், திரையின் அகலத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வடிவமைப்பு முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார். 2017-இல் கட்ட அமைப்பிற்கென்றே வகுக்கப்பெற்ற சி.எஸ்.எஸ். விதிகள் முதன்மையான உலாவிகளில் இடம்பெற்றன. திரையைத் தாளாக்கும் முயற்சியைக் கைவிட்டுத் திரையின் இயல்போடு ஒத்துப்போகக் கற்றதே இவ்வளர்ச்சியின் சாரம் எனலாம்.

இதனை மாணவர்க்கு உணர்த்தக் கணிப்பொறியே தேவையில்லை. ஒரு நிக்காஹ் அழைப்பிதழை எடுத்துக்கொள்வோம். மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், நாள், நேரம், பள்ளிவாசல், விருந்து நடைபெறும் மண்டபம் ஆகியன அதில் உள்ளன. இதே செய்தியை ஓர் அஞ்சலட்டையிலும், ஒரு முழுச் சுவரொட்டியிலும், நான்கு விரல் அகலமுள்ள நீண்ட தாளிலும் அமைக்குமாறு கூறலாம். எது எப்போதும் மேலே நிற்கும்? இடம் குறைந்தால் எது கீழே இறங்கும்? இரு வீட்டார் பெயரும் அருகருகே நிற்பது எவ்வளவு அகலம் வரை இயலும்? அதற்குமேல் குறுகினால் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போது எவர் பெயர் முதலில் வரும்? இம்முடிவுகளைத் தமிழில் முழுச் சொற்றொடர்களாக எழுதச் செய்தல் வேண்டும். ‘அகலம் ஒரு சாணுக்குக் குறைந்தால் இரு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருக’ என்று எழுதும் மாணவி, தான் அறியாமலேயே சி.எஸ்.எஸ். மொழியின் முதன்மையான விதியொன்றை எழுதிவிட்டாள். பின்னர் அதனைக் கணிப்பொறிக்கு உரிய சொற்களில் பெயர்த்தெழுதுதலே எஞ்சியுள்ள பணி.

வழிகாட்டிய முன்னோடிகள்

கலை மாணவர்க்கு நிரல் கற்பிக்கும் முயற்சி அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. 1967-இல் அமெரிக்காவின் மாசசூசெட்சில் வாலி ஃபியூர்சைக், சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் சிறுவர்க்கென ‘லோகோ’ என்னும் மொழியைப் படைத்தனர். ‘முன்னே செல், வலப்புறம் திரும்பு’ என்னும் கட்டளைகளால் ஓர் ஆமையை நகர்த்தி வரைபடம் வரையும் முறை அம்மொழிக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. குழந்தை தன் உடலசைவைக் கொண்டே வடிவ கணிதத்தை உணரலாம் என்பது பாப்பர்ட்டின் கொள்கை.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நூல் வடிவமைப்பாளராக விளங்கிய மியூரியல் கூப்பர், 1970களின் நடுவில் ரான் மக்நீலுடன் இணைந்து எழுத்தும் அச்சும் கணிப்பொறியும் கூடும் பயிலரங்கு ஒன்றை நிறுவினார். பின்னர் அங்கு அமைந்த ஊடக ஆய்வகத்தின் தொடக்க கால ஆசிரியர்களுள் அவரும் ஒருவர். 1994-இல் அவர் மறைந்தபின், கணிப்பொறியும் ஓவியமும் ஒருங்கே பயின்ற ஜான் மெய்டா அவ்வழியைத் தொடர்ந்தார். 1999-இல் மெய்டா வெளியிட்ட ‘டிசைன் பை நம்பர்ஸ்’ என்னும் நூலும் அதே பெயருடைய மொழியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கன. அதன் வரைபரப்பு நீளத்தில் 100, அகலத்தில் 100 புள்ளிகளே. வண்ணம் இல்லை, வெண்மை முதல் கருமை வரை 0 முதல் 100 வரையிலான சாம்பல் நிறங்களே உண்டு. வசதிகளைக் குறைத்து மாணவரின் கவனத்தைக் குவித்த இம்முறை ஆசிரியர்களுக்கு நல்லதொரு பாடமாகும்.

மெய்டாவின் மாணவர்களான கேசி ரீயாஸும் பென் ஃப்ரையும் 2001-இல் ‘பிராசசிங்’ என்னும் மொழியைத் தொடங்கினர். அதில் எழுதப்பெறும் நிரலுக்கு ‘ஸ்கெட்ச்’ அதாவது கோட்டோவியம் என்றே பெயர். நிரல்கள் சேமிக்கப்பெறும் இடத்திற்கு ஓவியக் குறிப்பேடு என்று பொருள்படும் பெயர். இப்பெயரீட்டில் ஒரு கல்விக் கொள்கையே அடங்கியுள்ளது. குறிப்பேட்டில் வரைவதைப் போல் விரைவாக எழுதிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையெனில் அடுத்த பக்கம் திருப்பலாம். 2013-இல் லாரன் மெக்கார்த்தி தொடங்கிய ‘பி5.ஜேஎஸ்’ இம்முறையை ஜாவாஸ்கிரிப்ட் மொழி வழியாக உலாவிக்குள்ளேயே கொண்டுவந்தது. இன்று உலாவியுள்ள கணிப்பொறி ஒன்றிருப்பின் கட்டணமின்றி எவரும் இதனைப் பயிலலாம். பொருள் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் மிகுந்து பயிலும் நம் கல்லூரிகளுக்கு இது பெரும் வாய்ப்பு.

புள்ளியே அளவுகோல்

அழகிற்கு விதி வகுத்தல் கணிப்பொறியோடு பிறந்த வழக்கம் அன்று. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாதில் அப்பாசிய கலீபாக்களின் அமைச்சராக விளங்கிய இப்னு முக்லா, அரபு எழுத்துக்கலையை அளவு நெறிக்குள் கொண்டுவந்த பெருமைக்குரியவராகப் போற்றப்பெறுகிறார். திருக்குர்ஆனைப் பிழையறவும் எழிலுறவும் எழுத வேண்டும் என்ற வேட்கை அக்கலையை வளர்த்த காலம் அது. நாணல் எழுதுகோலைத் தாளில் அழுத்தி எடுத்தால் உண்டாகும் சாய்சதுரப் புள்ளியே அம்முறையின் அலகு. ‘அலிப்’ என்னும் எழுத்தின் உயரம் இத்தனை புள்ளி. அவ்வலிப்பை விட்டமாகக் கொண்ட வட்டத்திற்குள் பிற எழுத்துகளின் வளைவுகள் அடங்கும். நஸ்க் முறையில் அலிப்புக்கு ஐந்து புள்ளியும் துலுத் முறையில் ஏழு புள்ளியும் கொள்வது பெருவழக்கு.

இதன் நுட்பம் யாதெனில், அளவு அங்குலத்திலோ முழத்திலோ குறிக்கப்பெறவில்லை. எழுதுகோல் பருமனானால் புள்ளி பெரிதாகும். புள்ளி பெரிதானால் எழுத்து முழுவதும் அதே விகிதத்தில் பெரிதாகும். சிறு ஏட்டில் எழுதினாலும் பள்ளிவாசல் முகப்பில் எழுதினாலும் அழகு குன்றாது.

சி.எஸ்.எஸ். மொழியில் ‘எம்’ என்றோர் அலகு உண்டு. அச்சுக்கலையிலிருந்து வந்த அவ்வலகு, பக்கத்தில் வழங்கும் எழுத்தின் அளவையே ஒன்று எனக் கொள்கிறது. எழுத்தின் அளவு 16 படப்புள்ளி எனில், ஒன்றரை எம் என்னும் வரியுயரம் 24 படப்புள்ளி ஆகும். பார்வை மங்கிய முதியவர் ஒருவர் தம் கைப்பேசியில் எழுத்தை 20-ஆக உயர்த்திக்கொண்டால், வரியுயரம் தானே 30-ஆக உயரும். வரிகள் ஒன்றன்மீது ஒன்று ஏறா. படப்புள்ளியில் 24 என்று இறுக்கிக் கட்டியிருப்பின் பெரிய எழுத்துகள் நெருக்குண்டு படிக்க இயலாது போகும். எழுதுகோலின் புள்ளியை அலகாகக் கொண்ட எழுத்தாளர்க்கும் ‘எம்’ என்னும் அலகை வகுத்தவர்க்கும் சிந்தனை ஒன்றே. இதனை இவ்வாறு விளக்கினால் எழுத்துக்கலை பயின்ற மாணவர் ஒருபோதும் மறவார்.

திரும்பத் திரும்ப வருதலின் அழகு

நிரலாக்கத்தில் மாணவர் இடறும் மற்றோர் இடம் மடக்கு என்பதாகும். ஒரு செயலைக் குறித்த எண்ணிக்கையில் திரும்பச் செய்வித்தல் என்பது அதன் பொருள். இதற்கும் நம் மரபிலேயே சான்றுகள் உள. வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண், புள்ளிகளின் வரிசையையும் கோட்டின் திருப்பங்களையும் நெஞ்சில் விதியாகவே வைத்திருக்கிறாள். சென்னைத் தாம்பரத்தில் உள்ள கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிரித்திவாசனும் கோலங்களைக் கணிப்பொறி இலக்கண நெறியில் ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டனர். கோலம் ஒரு மொழி. அதற்கு இலக்கணம் உண்டு என்று உலக ஆய்வரங்கில் நிறுவிய பெருமை தமிழகத்திற்கு உரியது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் லெப்பைக் குடும்பத்தாரும் பாவிலும் ஊடிலும் எண்ணி எண்ணியே கோலம் எழுப்புகின்றனர். கணிப்பொறிக்கு முன்னோடியாகத் துளையட்டைகளைப் பயன்படுத்திய ஜக்கார்டு தறி 1804-இல் தோன்றியதும் நெசவிலிருந்தே என்பது எண்ணத்தக்கது.

இசுலாமியக் கட்டடங்களின் சுவர்களை அணிசெய்யும் விண்மீன் கோலங்களும் இத்தகையனவே. பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் ஆகிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், பத்துக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், சாய்சதுரம், இடை குறுகிய கழுத்துப்பட்டை வடிவம் என்னும் ஐந்து ஓடுகளைக் கொண்டே சிக்கலான ‘கிரிஹ்’ கோலங்கள் அமைக்கப்பெற்றன என விளக்கினர். இசுபகானில் 1453-இல் எழுப்பப்பெற்ற தர்பே இமாம் கட்டடத்தின் கோலத்தை அவர்கள் சிறந்த சான்றாகக் காட்டினர். படிப்படியாகச் செய்து முடிக்கும் நெறிமுறைக்கு உலகம் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல்லும் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததே.

எனவே முதல் நிரலாக எண்கோண விண்மீனைத் தரலாம். ஒரு சதுரம் வரைந்து, அதே சதுரத்தை 45 பாகை திருப்பி மேலே மீண்டும் வரைந்தால் எட்டு முனை விண்மீன் கிடைக்கும். முதலில் கவராயமும் அளவுகோலும் கொண்டு தாளில் வரைதல் வேண்டும். அடுத்து, ஒரு மாணவர் படிகளைச் சொல்ல, படத்தைக் காணாத மற்றொருவர் வரைதல் வேண்டும். சொல்லியதில் எது விடுபட்டது என்பது உடனே புலப்படும். மூன்றாவதாகவே கணிப்பொறி.

அங்கே மூன்று வியப்புகள் காத்திருக்கும். பள்ளிக் கணக்கில் மேல்நோக்கி வளரும் அச்சு, திரையில் கீழ்நோக்கி வளரும். சதுரத்தைத் திருப்புக என்றால் அது தன் நடுவில் சுழலாமல் வரைபரப்பின் இடப்பக்க மேல்மூலையை மையமாகக் கொண்டு சுழன்று வேறிடம் சென்றுவிடும். மையத்தை முன்னரே இடம்பெயர்த்துக்கொள்ள வேண்டும். 45 என்று எழுதினால் பி5.ஜேஎஸ் அதனைப் பாகையாகக் கொள்ளாமல் ரேடியனாகக் கொள்ளும். பாகை என்று முன்கூட்டி அறிவித்தல் வேண்டும். இம்மூன்றையும் ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடலாகாது. விண்மீன் தடம் மாறி ஓடுவதைக் கண்டபின், ‘ஏன் ஓடியது?’ என்று மாணவரைச் சிந்திக்கச் செய்தலே கல்வி. ஒரு விண்மீன் அமைந்தபின், அதனை ஒரு வரிசையில் எட்டு முறையும், அவ்வரிசையை எட்டு வரிசைகளாகவும் விரித்தால், சில வரிகளில் 64 விண்மீன்கள் மலரும். கையால் 64 வரைந்து களைத்த மாணவர்க்கு மடக்கின் பயன் அக்கணமே விளங்கும்.

பாட வரிசை

மேற்கூறியவற்றை மனத்திற்கொண்டு ஒரு பருவத்திற்குரிய பாடத்தை மூன்று படிகளாக வகுக்கலாம்.

முதற்படி எலும்புக்கூடு. எச்.டி.எம்.எல். மொழியில் நூற்றுக்கு மேற்பட்ட குறிகள் இருப்பினும், தொடக்கத்தில் பதினைந்து குறிகள் போதும். தலைப்பு, உள்தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு, படம் ஆகியவற்றை அடையாளங்காட்டினால் பக்கம் அமைந்துவிடும். இப்படியில் வண்ணமும் அழகும் பேசலாகாது. ‘இது பெரிதாகத் தோன்ற வேண்டும் என்பதால் தலைப்புக் குறி இட்டேன்’ என்று மாணவர் கூறினால் திருத்துதல் வேண்டும். தலைப்பாக இருப்பதால் தலைப்புக் குறி. பெரிதாகத் தோன்றுதல் அடுத்த படியின் பணி. பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள் இக்குறிகளைக் கொண்டே வழி காண்கிறது. படம் ஒவ்வொன்றுக்கும் அதன் பொருளை உரைக்கும் மாற்றுச்சொல் எழுதுதலும் இப்படியிலேயே பழக்கப்பெறல் வேண்டும். ஓவியத்தைச் சொல்லால் விளக்கும் பயிற்சி ஓவியர்க்கும் நன்மையே.

இரண்டாம் படி ஆடை. சி.எஸ்.எஸ். மொழியில் எழுத்துரு, அளவு, இடைவெளி, வண்ணம், கட்ட அமைப்பு ஆகியன இடம்பெறும். வண்ணம் கற்பிக்கும்போது ஒரு மாற்றத்தை உணர்த்துதல் இன்றியமையாதது. வண்ணக் குழம்பில் மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை தோன்றும். திரையில் கலப்பது ஒளி. அங்கே சிவப்பும் பச்சையும் கலந்தால் மஞ்சள் தோன்றும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 நிலைகள். ஆகவே 1,67,77,216 வண்ணங்கள் கிடைக்கின்றன. இத்தனையும் கைவசம் இருப்பினும் மூன்று வண்ணங்களோடு நிறுத்திக்கொள்ளப் பழக்குதல் நன்று. வெளிர் சாம்பல் பின்புலத்தில் சற்றே அடர்ந்த சாம்பல் எழுத்து கண்ணுக்கு நாகரிகமாகத் தோன்றலாம். முதியோரால் அதனைப் படிக்க இயலாது. 2008-இல் வெளிவந்த வலை அணுகல் நெறிமுறை, வழக்கமான எழுத்துக்கும் பின்புலத்திற்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது. இவ்வெண்ணை அளந்து காட்டும் கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மூன்றாம் படி அசைவு. ஜாவாஸ்கிரிப்ட் மொழி கொண்டு பொத்தானை அழுத்தினால் பக்கம் மறுமொழி தருமாறு செய்தல் இதன்பாற்படும். விண்மீன் கோலப் பயிற்சியும் இங்கேயே பொருந்தும். அசைவு வேடிக்கையாக நின்றுவிடாமல், படிப்பவர்க்கு உதவுவதாக அமைதல் வேண்டும்.

இறுதிப் பணியாக ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒரு கைத்தொழிலுக்குப் பக்கம் அமைக்கலாம். பத்தமடைப் பாயோ, தோல் செருப்போ, பூத்தையலோ எதுவாயினும் தக்கது. தொழில் செய்வோரை நேரிற்கண்டு, அவர் மொழியிலேயே அவர்தம் பொருளின் பெயர்களைக் கேட்டெழுதி, அவர் கைப்பேசியிலேயே பக்கத்தைத் திறந்து காட்டி, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று கவனித்துத் திருத்துதல் வேண்டும். அத்தயக்கம் மதிப்பெண்ணைவிட மிகுதியாகக் கற்பிக்கும்.

தமிழும் அரபும் ஒரே பக்கத்தில்

நம் மாணவர்க்கு உரிய தனிப்பொறுப்பு ஒன்றுண்டு. முற்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு குறியீட்டு முறையைப் பின்பற்றின. ஒருவர் தட்டச்சு செய்ததை அதே எழுத்துரு இல்லாத மற்றொருவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அதற்கஞ்சிப் பலர் தமிழைப் படமாக்கி ஏற்றினர். ஒருங்குறி முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றுள்ளன. உயிரும் மெய்யும் குறிகளும் சேர்ந்து 247 எழுத்துகளையும் தருகின்றன. 2010-இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. ஆகவே படமாக்கும் பழக்கத்திற்கு இன்று எக்காரணமும் இல்லை. படமான தமிழைத் தேட இயலாது, நகலெடுக்க இயலாது, செவியால் கேட்க இயலாது.

‘கெ’ என்னும் எழுத்தில் கொம்பு கண்ணுக்கு முன்னே நின்றாலும், கணிப்பொறிக்குள் ககரம் முன்னும் கொம்பு பின்னுமே சேமிக்கப்பெறும். வரிசையை மாற்றிக் காட்டுதல் எழுத்துருவின் பணி. இதனை அறியாதார் எழுத்துகளைத் தனித்தனியே பிரித்து அசைவூட்ட முயன்றால் கொம்பு தனியே அலையும். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. ஆங்கிலத்திற்கென அளந்த பொத்தானுக்குள் அவை அடங்கா. மேலும் கீழும் குறிகள் நீளுவதால் வரியிடைவெளியும் சற்று மிகுதியாக வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் அழகு தரும் எழுத்திடைவெளி, கூட்டெழுத்தாய்ப் பிணைந்து வரும் அரபியில் அப்பிணைப்பையே அறுத்துவிடக்கூடும்.

தமிழ் இடமிருந்து வலமும் அரபு வலமிருந்து இடமும் செல்வன. ஒரே பத்தியில் இரண்டும் வருமாயின், இன்ன பகுதி இன்ன மொழி, இன்ன திசை என்று குறித்தல் வேண்டும். குறியாவிடில் முற்றுப்புள்ளி தவறான முனைக்குத் தாவும். எண்கள் இடம் மாறும். திருமறை வசனத்தைத் தமிழுரையோடு வெளியிடும் பக்கத்தில் இப்பிழை நேர்ந்தால் அது வெறும் தோற்றப்பிழையாக நின்றுவிடாது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் போன்ற சான்றோர் அரபு எழுத்தால் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபு நம் முன்னோர் செல்வம். அவ்வேடுகளைப் பிழையின்றித் திரையில் கொணர வேண்டுமாயின், எழுத்தின் வடிவமும் நிரலின் நெறியும் ஒருங்கே அறிந்தவர் தேவை. அத்தகையோரை நாம் உருவாக்காவிடில், வெளியிலிருந்து எவரும் வந்து நமக்காக இப்பணியைச் செய்யமாட்டார்.

பிழையும் பொறுமையும்

ஓவிய வகுப்பில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. முடிந்த ஓவியங்களைச் சுவரில் வரிசையாக மாட்டி, அனைவரும் சுற்றி நின்று குறை நிறை பேசுவர். ‘இக்கோடு இடறுகிறது’ என்று கேட்பதற்கு மாணவர் அஞ்சுவதில்லை. நிரல் வகுப்பிலோ, ஓர் அரைப்புள்ளி விடுபட்டமையால் திரை வெறுமையானதும், ‘எனக்கு இது வாராது’ என்று கண்கலங்குகின்றனர். இரு பிழையும் ஒன்றே என்று உணர்த்துதல் ஆசிரியர் கடன். சுவரில் ஓவியம் மாட்டுவது போலவே பிழையுள்ள நிரல்களையும் பெருந்திரையில் காட்டி, அனைவரும் சேர்ந்து பிழை காணும் வழக்கத்தைக் கொணரலாம். ஆசிரியரும் மாணவர் கண்முன் வெறுமையான பக்கத்திலிருந்து நிரல் எழுதுதல் நன்று. அவர் தேடித் தடுமாறித் திருத்துவதைக் காணும்போதுதான் நிரல் என்பது மனப்பாடப் பொருளன்று என்பது விளங்கும்.

மதிப்பீட்டிலும் மாற்றம் வேண்டும். தேர்வுத்தாளில் குறிகளை மனப்பாடமாக எழுதச் செய்வதால் பயனில்லை. முதல் வரைவு, இடையில் நேர்ந்த பிழைகள், திருத்திய முறை, இறுதி வடிவம் ஆகியன அடங்கிய குறிப்பேட்டை மதிப்பிடுதலே தகும்.

கருவி மாயும்; நெறி நிற்கும்

‘மென்பொருளே பக்கம் அமைத்துத் தருகிறதே, நிரல் எதற்கு?’ என்று சிலர் வினவுகின்றனர். இதற்கு வரலாறே விடை தருகிறது. ஒரு காலத்தில் கலைக்கல்லூரிகள் பலவற்றில் ‘ஃபிளாஷ்’ என்னும் மென்பொருள் முதன்மைப் பாடமாக இருந்தது. அசைவும் ஒலியும் நிறைந்த பக்கங்களை அதில் மாணவர் படைத்தனர். அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாளோடு அதற்கான ஆதரவை நிறுத்தியது. அவ்வடிவில் அமைந்த படைப்புகள் வழக்கமான உலாவிகளில் இன்று திறப்பதில்லை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் எழுதப்பெற்ற எளிய எச்.டி.எம்.எல். பக்கங்கள் இன்றும் திறக்கின்றன. ஒரு நிறுவனத்தின் கருவியைக் கற்றவர் அக்கருவியோடு நின்றார். பொதுநெறியாகிய மொழியைக் கற்றவர் தொடர்ந்து நடந்தார்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கேட்டவுடன் நிரலையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகியுள்ளன. அவை எழுதியது சரியா என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டும். தமிழ்ச் சொல் பொத்தானை மீறி வழிகிறது, அரபு வரியின் திசை பிறழ்ந்துள்ளது, முதியவர் கண்ணுக்கு எழுத்து மங்கலாக உள்ளது என்று கண்டு, எந்த வரியைத் திருத்துவது என்று அறிந்தவரே அக்கருவியை ஆள்வார். அறியாதவர் அது தந்ததை ஏற்றுக்கொள்வார். பார்த்தறியும் கண் ஓவியர்க்கு முன்னரே உண்டு. திருத்தும் கையை அளிப்பதே இப்பாடத்தின் பணி.

முடிவுரை

திரை தாளன்று, அதற்கு விதி வேண்டும் என்பதும், அவ்விதி வகுக்கும் ஆற்றல் எழுத்துக்கலையிலும் கோலத்திலும் பாய் நெசவிலும் நம்மிடம் முன்னரே உள்ளது என்பதும், அதிலிருந்து தொடங்கினால் ஓவிய மாணவர்க்கு நிரல் அந்நியமாகாது என்பதும் இதுகாறும் விளக்கப்பெற்றன. இதற்கென ஓவிய ஆசிரியரும் கணிப்பொறி ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பாடம் வகுத்தல் வேண்டும். சமுதாயப் பெரியோர் பள்ளிவாசல், மதரசா, நூலகம் ஆகியவற்றுக்குரிய பக்கங்களை அமைக்கும் பணியை நம் மாணவ மாணவியரிடமே ஒப்படைத்து ஊக்குவித்தல் வேண்டும். தனக்குக் கணக்கு வாராது என்று எண்ணி வாயிலை மிதித்த பிள்ளை, தன் ஊரின் எழுத்தைத் தன் கையாலேயே திரையில் பிழையறப் பொறிக்கும் நிலை எய்துவானாயின், அதுவே இக்கல்வியின் பயன். இறையருள் துணைநிற்க, அந்நாள் விரைவில் வருவதாகுக.